தானாகத் திறந்த கதவு

ரொமான்டசி என்று ஒரு வகை நாவல் இப்போது ஆங்கிலப் புத்தகக் கடைகளின் முன்மேசையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ரொமான்ஸையும் ஃபேன்டசியையும் ஒட்டி உண்டாக்கிய பெயர். கெட்டி அட்டை, தாள் ஓரத்தில் சாயம், 500 பக்கத்துக்குக் குறையாத கனம். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் நம் கல்லூரிப் பிள்ளைகள் பலர் தமிழில் எதை வாசிக்கிறார்களோ இல்லையோ, இவற்றை வாசிக்கிறார்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. நானும் வாசிக்கிறவன்தான். அதிலும் கதை நடக்கும் இடம் ஒரு மாய நூலகம் என்றால் கேட்கவே வேண்டாம். புத்தகம் பிடித்தவனுக்கு இதைவிடப் பெரிய தூண்டில் கிடையாது.

அந்தத் தூண்டிலில் மாட்டிப் படித்து முடித்த ஒரு நாவலிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது. பெயர் வேண்டாம். அதன் குறை அந்த ஒரு நாவலுக்கு மட்டும் உரியது இல்லை. கதை இதுதான்: மலைமேல் ஒரு நூலகம். முந்நூறு ஆண்டுகளாக அதன் கதவை யாராலும் திறக்க முடியவில்லை. அநாதைப் பெண் ஒருத்தி வந்து கை வைக்கிறாள், கதவு தானாகத் திறக்கிறது. உள்ளே புத்தகங்கள் கிசுகிசுக்கின்றன. அலமாரிகள் இரவில் இடம் மாறுகின்றன. காவலனாக ஒருவன் இருக்கிறான். வயது பல நூறு, பார்வைக்கு இருபத்தைந்து, வாயைத் திறந்தால் கடுப்பு. முதலில் முறைத்துக்கொள்கிறார்கள், பிறகு காதலிக்கிறார்கள். வில்லன் நூலகத்தை எரிக்க வருகிறான். காதல் அதைக் காப்பாற்றுகிறது. சுபம்.

முடித்துவிட்டு யோசித்தால் ஒரு விஷயம் உறுத்தியது. அத்தனை பக்கங்களில் அந்தப் பெண் ஒரு புத்தகத்தையும் முழுதாக வாசிக்கவில்லை. வாசிக்கத் தேவையே வரவில்லை. வேண்டிய புத்தகம் வேண்டிய பக்கத்தில் அதுவே திறந்துகொள்கிறது. தூசி தட்ட ஆளில்லை, தட்டாமலே சுத்தமாக இருக்கிறது. பட்டியல் எழுத ஆளில்லை, புத்தகங்கள் தாமே அடுக்கிக்கொள்கின்றன. முந்நூறு ஆண்டுகள் கதவு ஏன் மூடியிருந்தது, வெளியே நின்றவர்கள் யார், அவர்களுக்கு உள்ளே என்ன தேவைப்பட்டது என்று கதைக்குள் யாரும் கேட்பதில்லை. அவள் சிறப்பானவள், அதனால் கதவு திறந்தது. அவ்வளவுதான்.

இது மாயக் கதையாயிற்றே, இதில் போய் தர்க்கம் பார்க்கலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நான் கேட்பது தர்க்கம் இல்லை. நூலகம் என்ற இடத்தின் மேல் நமக்கு இருக்கும் மயக்கம் எங்கிருந்து வந்தது என்று வரலாற்றில் போய்ப் பார்த்தால், அது கதவிலிருந்து வந்ததாகத் தெரிகிறது. யாரோ ஒருவர் கதவை மூடி வைத்திருக்கிறார். யாரோ ஒருவர் விலை கொடுத்து உள்ளே போகிறார். அந்த விலையைக் கதையிலிருந்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது அலமாரிதான்.

இதை அறிந்து எழுதிய மாயக் கதைகள் இருக்கின்றன. அர்ஜென்டினாவின் போர்ஹெஸ் 1941இல் வெளியிட்ட ‘பாபேல் நூலகம்’ சிறுகதையில் நூலகம்தான் பிரபஞ்சம். அறுகோண அறைகள் முடிவில்லாமல் போய்க்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு புத்தகத்திலும் 410 பக்கங்கள், பக்கத்துக்கு 40 வரிகள். எழுத்துகளின் எல்லாச் சேர்க்கையும் அங்கே உண்டு. அதனால் எழுதப்படக்கூடிய எல்லாப் புத்தகங்களும் உண்டு. ஆனால் கிட்டத்தட்ட எல்லாமே அர்த்தமற்றவை. தன் வாழ்க்கையை விளக்கும் ஒரே புத்தகத்தைத் தேடி மனிதர்கள் அலைகிறார்கள், சண்டை போடுகிறார்கள், சாகிறார்கள்.

அந்தக் கதையை எழுதியபோது போர்ஹெஸ் புவனோஸ் ஐரிஸின் ஒரு நகராட்சி நூலகத்தில் சாதாரண ஊழியர். புத்தகங்களை வகைப்படுத்திப் பட்டியல் போடும் வேலை. அலுப்பான வேலை, சொற்பச் சம்பளம். 1946இல் பெரோனின் ஆட்சி வந்ததும் அவரை அங்கிருந்து கிளப்பி, சந்தையில் கோழி, முயல்களைச் சோதிக்கும் அதிகாரியாக ‘உயர்த்தினார்கள்’. அவமானப்படுத்தத்தான். அவர் வேலையை விட்டார். பெரோன் வீழ்ந்த பிறகு 1955இல் அவரே தேசிய நூலகத்தின் இயக்குநரானார். அதற்குள் கண்பார்வை ஏறக்குறைய போய்விட்டது. லட்சக்கணக்கான புத்தகங்கள் கைக்குக் கிடைத்த வேளையில் எழுத்து கண்ணுக்குக் கிடைக்கவில்லை. எந்த ரொமான்டசி எழுத்தாளரும் இப்படியொரு திருப்பத்தை யோசித்திருக்க மாட்டார்.

உம்பர்ட்டோ எக்கோ 1980இல் எழுதிய ‘ரோஜாவின் பெயர்’ நாவலில் ஒரு மடாலய நூலகம் வருகிறது. அதைக் கட்டிக் காப்பவர் ஹோர்ஹே என்ற கண் தெரியாத முதிய துறவி. போர்ஹெஸை நினைத்து வைத்த பெயர்தான். ஒரே ஒரு புத்தகத்தை யாரும் வாசித்துவிடக் கூடாது என்பதற்காக அவர் கொலைக்கும் துணிகிறார். புத்தகத்தின் மேல் இருக்கும் காதல், புத்தகத்தை மறைக்கும் வெறியாக மாறுவதுதான் அங்கே கதை. காவலன் என்றால் அழகாக முறைப்பவன் மட்டும் இல்லை, அவனுக்கு ஒரு கொள்கை இருக்கும், அது ஆளைக் கொல்லும் என்பது எக்கோவுக்குத் தெரிந்திருந்தது.

சிரிப்புக் கதையிலும் இது சாத்தியம். டெர்ரி பிராட்செட்டின் டிஸ்க்வோர்ல்டு நாவல் வரிசையில் மந்திரப் பல்கலைக்கழகம் ஒன்று வரும். 1986இல் வெளிவந்த இரண்டாம் நாவலில் அதன் நூலகர் ஒரு மந்திர விபத்தில் ஓராங் ஊத்தானாக மாறிவிடுகிறார். நம் மலாய் மொழிச் சொல்தான், காட்டு மனிதர் என்று பொருள். அவரை மறுபடி மனிதராக்க முடியும். அவர் மறுத்துவிடுகிறார். நீளமான கைகள், உயரத்து அலமாரிக்கு ஏற வசதி. ஒரு வேலையை இவ்வளவு நேசித்தவர் மனித உருவத்தையே விட்டுக்கொடுக்கிறார். பக்கம் பக்கமாகச் சிரிக்க வைத்துக்கொண்டே பிராட்செட் சொல்வது இதைத்தான்: நூலகம் என்பது அங்கே வேலை செய்பவரின் உடம்பு. அந்த நூலகத்தில் மந்திர நூல்களைச் சங்கிலி போட்டும் கட்டி வைத்திருப்பார்கள், வாசகரை நூலிடமிருந்து காப்பாற்ற.

சங்கிலி கற்பனை இல்லை. இங்கிலாந்தின் ஹெரிஃபோர்டு தேவாலயத்தில் 17ஆம் நூற்றாண்டில் அமைந்த சங்கிலி நூலகம் இன்றும் இருக்கிறது. எஞ்சியிருக்கும் சங்கிலி நூலகங்களில் மிகப் பெரியது அது. ஒவ்வொரு புத்தகத்தின் முன்னட்டை ஓரத்திலும் ஒரு சங்கிலி. அதன் மறுமுனை, அலமாரியில் நீளவாக்கில் ஓடும் இரும்புக் கம்பியில் கோத்திருக்கும். கம்பிக்குப் பூட்டு. புத்தகத்தை எடுத்துக் கீழே உள்ள சாய்மேசையில் வைத்து வாசிக்கலாம், அந்த இடத்தைவிட்டு நகர்த்த முடியாது. அங்கே புத்தகங்களின் முதுகு உள்பக்கமும் தாள் விளிம்பு வெளிப்பக்கமுமாக அடுக்கியிருப்பார்கள். இல்லாவிட்டால் புத்தகத்தைத் திருப்பும்போது சங்கிலி முறுக்கிக்கொள்ளும்.

டப்ளினில் 1707இல் திறந்த மார்ஷ் நூலகத்தில் இன்னொரு ஏற்பாடு. அங்கே சங்கிலிக்குப் பதில் வாசகரையே உள்ளே வைத்துப் பூட்டினார்கள். கம்பி வலை அடித்த கூண்டுகள் இன்றும் அங்கே உண்டு. அரிய நூல் வேண்டுமென்றால் கூண்டுக்குள் உட்கார வேண்டும். 1860களில் அந்த நூலகத்துக்கு வாசிக்க வந்த கல்லூரி மாணவர்களில் ஒருவர் பிராம் ஸ்டோக்கர். முப்பது ஆண்டு கழித்து, 1897இல், அவர் எழுதியதுதான் ‘டிராகுலா’. திகில் கதைக்கான சூழல் அவருக்கு எங்கே பழகியிருக்கும் என்று நாம் கொஞ்சம் ஊகிக்கலாம்.

சங்கிலியும் கூண்டும் உள்ளே போய்விட்டவர்களுக்கான கட்டுப்பாடு. வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்கள் கதை வேறு. வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் வெளியிட்ட ‘தனக்கென்று ஓர் அறை’ நூலின் தொடக்கத்தில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் கதவு வரும். கல்லூரி உறுப்பினர் ஒருவர் கூட வந்தால்தான், அல்லது அறிமுகக் கடிதம் இருந்தால்தான் பெண்களுக்கு அனுமதி என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் அதே காலத்தில் மெம்ஃபிஸ் நகரத்துப் பொது நூலகம் கறுப்பர்களுக்குப் புத்தகம் கொடுக்காது. அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்த ரிச்சர்ட் ரைட் என்ற இளைஞனுக்கு மென்கென் என்ற எழுத்தாளரை வாசித்தே ஆக வேண்டும். கூட வேலை செய்த ஒரு வெள்ளையரின் நூலக அட்டையை இரவல் வாங்கினான். அந்த வெள்ளையரே எழுதியதுபோல ஒரு சீட்டு எழுதினான். இந்தப் பையனிடம் புத்தகத்தைக் கொடுத்தனுப்புங்கள் என்று. சந்தேகம் வரக் கூடாது என்பதற்காக, வெள்ளையர்கள் தன்னை எந்த இழிசொல்லால் அழைப்பார்களோ அதையே தன்னைக் குறிக்கச் சீட்டில் எழுதினான். பின்னாளில் பெரிய எழுத்தாளராகி, 1945இல் வந்த ‘கறுப்புப் பையன்’ தன்வரலாற்றில் இதைச் சொன்னார். ஒரு புத்தகத்தின் விலை, தன் கையாலேயே தன்னை இழிவாக எழுதிக்கொள்வது.

ரைட் பொய்ச் சீட்டு எழுதினார். தன் பெயரையே பொய்யாக்கிக்கொண்டு ஒரு நூலகத்துக்குள் போன பெண் ஒருத்தி உண்டு. நான் வாசித்த நாவலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது அவர் வாழ்க்கையைத்தான். ஏனென்றால் அதில் உண்மையாகவே ஒரு மாய நூலகம் உண்டு, ரகசியம் உண்டு, காதலும் உண்டு.

நியூயார்க்கில் ஜே. பி. மோர்கன் என்ற வங்கி முதலாளி தன் புத்தகங்களுக்காக ஒரு மாளிகை கட்டினார். 1906இல் முடிந்தது. சார்லஸ் மெக்கிம் கட்டடக் கலைஞர். சலவைக்கற்களை இடையில் சாந்து பூசாமல், பழைய கிரேக்கர்கள் செய்ததுபோல ஒன்றோடொன்று இழைத்துப் பொருத்தினார்கள். உள்ளே மூன்று அடுக்கு உயரத்துக்குப் புத்தக அலமாரிகள். மேலடுக்குகளுக்கு எப்படிப் போவது என்று பார்த்தால் படிக்கட்டே கண்ணில் படாது. மூலையில் இருக்கும் அலமாரிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார்கள். அலமாரியையே கதவுபோலத் திறந்தால் படிக்கட்டு. ரொமான்டசி நாவலாசிரியர்கள் கனவு காணும் இடம் இதுதான்.

அந்த நூலகத்தைப் பார்த்துக்கொள்ள 1905இன் இறுதியில் மோர்கன் ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தார். பெல் ட கோஸ்டா கிரீன். மாதச் சம்பளம் 75 டாலர். அதற்குமுன் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்த்தவர். கொஞ்ச காலத்திலேயே மோர்கனுக்காக ஏலங்களில் உட்காரத் தொடங்கினார். 1911இல் நடந்த ஒரு பெரிய ஏலத்தில், காக்ஸ்டன் 1485இல் அச்சிட்ட ‘ஆர்தரின் மரணம்’ நூலை 42,800 டாலருக்கு எடுத்தார். அந்தப் பதிப்பில் முழுமையாக எஞ்சியிருக்கும் பிரதி உலகத்திலேயே அது ஒன்றுதான். ஆர்தர் மன்னன், மெர்லின், வாள், காதல், துரோகம் என்று இன்றைய ஃபேன்டசி எங்கிருந்து கடன் வாங்கிக்கொண்டே இருக்கிறதோ அந்த நூல். அதற்கு விலை பேசிய கை ஒரு நூலகரின் கை.

அவருடைய பெயரில் இருக்கும் ‘ட கோஸ்டா’ போர்த்துகீசியப் பெயர். தன் சற்றே கறுத்த நிறத்துக்குப் போர்த்துகீசியப் பாட்டியைக் காரணமாகச் சொல்லிவந்தார். அது பொய். அவர் 1879இல் வாஷிங்டனில் பெல் மரியன் கிரீனராகப் பிறந்தவர். அப்பா ரிச்சர்ட் கிரீனர், 1870இல் ஹார்வர்டு கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பர். பெற்றோர் பிரிந்த பிறகு அம்மாவும் பிள்ளைகளும் ‘கிரீனர்’ என்ற பெயரின் கடைசி எழுத்தை வெட்டி ‘கிரீன்’ ஆனார்கள். வெள்ளையர்களாக வாழத் தொடங்கினார்கள். பெல் வேலை பார்த்த பிரின்ஸ்டன் அப்போது கறுப்பு மாணவர்களைச் சேர்ப்பதில்லை. உண்மைப் பெயரோடு போயிருந்தால் அந்த நூலகத்தின் மேசைக்குப் பின்னால் அவருக்கு இடம் கிடைத்திருக்காது. மோர்கனின் வாசலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அப்பாவின் கதையிலும் ஒரு நூலகம் இருக்கிறது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு தென்மாநிலங்களில் கறுப்பர்களுக்குக் கொஞ்ச காலம் உரிமைகள் கிடைத்தன. அப்போது, 1873இல், ரிச்சர்ட் கிரீனர் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். கொஞ்ச காலம் அங்கே நூலகராகவும் இருந்தார். போரில் சிதறிக் கிடந்த நூல்களை ஒழுங்குபடுத்திப் பட்டியல் போட்டவர் அவர். 1877இல் அந்தக் காலம் முடிந்தது. பல்கலைக்கழகத்தை மூடினார்கள். மீண்டும் திறந்தபோது அது வெள்ளையர்களுக்கு மட்டும். தான் பட்டியல் போட்ட நூலகத்தின் வாசலில் கிரீனருக்கே இடமில்லை. கறுப்பு மாணவர்கள் அங்கே மறுபடி நுழைந்தது 1963இல். 2018இல் அதே பல்கலைக்கழகத்தின் நூலகத்துக்கு அருகில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

அப்பாவுக்கு மூடிய கதவைப் பார்த்து வளர்ந்த மகள், அப்பாவின் பெயரை விட்டுவிட்டு இன்னொரு கதவைத் திறந்துகொண்டாள் என்று இதைச் சுருக்கலாம். ஆனால் அப்படிச் சுருக்கினால் பெல் செய்தது துரோகம் என்று தீர்ப்பு எழுதுவது சுலபமாகிவிடும். எனக்கு அது சரியாகப் படவில்லை. கதவை மூடியவர்கள் வேறு. அவர் சாவியை மட்டும் செய்துகொண்டார். அந்தச் சாவிக்கு நாள்தோறும் விலை கொடுத்துக்கொண்டும் இருந்தார். யாரிடமும் அப்பாவைப் பற்றிப் பேச முடியாது. ஊர்க்காரர் யாராவது அடையாளம் கண்டால் எல்லாம் போய்விடும்.

காதல் இங்கேதான் வருகிறது. 1909 வாக்கில் பெல்லுக்கு பெர்னார்டு பெரென்சன் அறிமுகமானார். இத்தாலிய ஓவியங்களைப் பார்த்து இது இன்னார் வரைந்தது என்று சொல்வதில் அன்றைக்குப் பெரிய பெயர். ஃபிளாரன்சுக்குப் பக்கத்தில் வீடு, மனைவி, பணக்காரச் சிநேகிதர்கள். அவரும் லித்துவேனியாவில் ஓர் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்து, மதம் மாறி, உயர்குடிக் கனவானாகத் தன்னை உருவாக்கிக்கொண்டவர்தான். தன்னை வேறொருவராக ஆக்கிக்கொண்ட இரண்டு பேர் ஒருவரை ஒருவர் கண்டுகொள்கிறார்கள். அட்லாண்டிக்கைத் தாண்டி நாற்பது ஆண்டுகள் கடிதம் எழுதிக்கொள்கிறார்கள். காதலாகத் தொடங்கி, மனக்கசப்பாகி, பிறகு பழைய நட்பாக மாறிய உறவு.

1913இல் மோர்கன் இறந்தார். உயிலில் பெல்லுக்கு 50,000 டாலர் வைத்திருந்தார். அதை வாங்கிக்கொண்டு போய்விட்டிருக்கலாம். பெல் போகவில்லை. 1924இல் மோர்கனின் மகன் அந்தத் தனியார் மாளிகையை ஆய்வாளர்களுக்கான பொது நிறுவனமாக மாற்றியபோது அதன் முதல் இயக்குநர் பெல்தான். 1948 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். கண்காட்சிகள் வைத்தார். வர முடியாத ஆய்வாளர்களுக்குச் சுவடிகளின் படங்களை எடுத்துக் கொடுத்தார். ஒரு முதலாளி தனக்காகக் கட்டிய அறையை மற்றவர்களுக்காக அவர் திறந்தார். திறந்தவர் யார் என்பதை மட்டும் கடைசிவரை மூடியே வைத்திருந்தார்.

1950இல் சாவதற்கு முன் தன் சொந்தக் காகிதங்களை எல்லாம் எரித்தார். வாழ்நாள் முழுக்கக் காகிதங்களைக் காப்பாற்றியவர் தன்னுடையதைத் தீயில் போட்டார். பெரென்சன் அவருக்கு எழுதிய கடிதங்களும் அதில் போயின. தன் கடிதங்களையும் அழித்துவிடும்படி பெரென்சனிடம் கேட்டிருந்தார், அவர் கேட்கவில்லை. அதனால் பெல் எழுதிய சுமார் 600 கடிதங்கள் ஃபிளாரன்சில் இருக்கின்றன. இந்தக் காதல் கதையில் ஒரு பக்கம் காகிதமாக இருக்கிறது, மறு பக்கம் சாம்பல். பெல்லின் அப்பா யார் என்பது ஊரறிய வெளியே வந்தது 1999இல், ஜீன் ஸ்ட்ரௌஸ் எழுதிய மோர்கனின் வாழ்க்கை வரலாற்றில். அவர் இறந்து ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்து.

இப்போது அந்த நாவலைத் திரும்பிப் பார்ப்போம். அதிலும் நூலகம் எரியும் அபாயம் வருகிறது. ஆனால் எரிக்க வருபவன் வெளியிலிருந்து வரும் வில்லன். அவனைத் தோற்கடித்தால் போதும், நிம்மதி. நாயகியே தீக்குச்சியைக் கையில் எடுக்க வேண்டிய நிலை வரும் என்று அந்த நாவலுக்குத் தோன்றவில்லை. காதலிலும் அப்படித்தான். இருவரும் ஒருவரிடம் ஒருவர் மறைக்க ஒன்றுமில்லை. சொன்னால் எல்லாம் போய்விடும் என்ற பயம் இல்லாதபோது, கடைசியில் சொல்லும் காதலுக்கு என்ன எடை இருக்கும்?

நம் வட்டாரத்துக் கதவு ஒன்றையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் நூலகம் 1874இல் அந்தப் பெயரில் தொடங்கியது. சந்தா கட்டியவர்களுக்குத்தான் புத்தகம் வீட்டுக்கு. பெரும்பாலும் ஆங்கிலப் புத்தகங்கள். சங்கிலியும் இல்லை, கூண்டும் இல்லை, யாரையும் யாரும் பிடித்துத் தள்ளவும் இல்லை. ஆனால் தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த கூலிக்காரர் ஒருவருக்கு அந்தக் கதவு திறந்திருந்தால் என்ன, மூடியிருந்தால் என்ன?

1953இல் ரப்பர் தொழிலதிபர் லீ கோங் சியான் 375,000 வெள்ளி தர முன்வந்தார். அவர் ஒரு நிபந்தனை வைத்தார்: கட்டணமில்லாத பொது நூலகமாக இருக்க வேண்டும், இங்குள்ள ஆசிய மொழிகளுக்கும் அதில் இடம் வேண்டும். அந்த நிபந்தனையில்தான் மலாய், சீனப் புத்தகங்களோடு தமிழ்ப் புத்தகமும் அலமாரிக்கு வந்தது. ரப்பரில் வந்த பணம் அது. மலாயாவின் ரப்பர் காடுகளில் விடியுமுன் எழுந்து பால்வெட்டிய கைகளில் நம் பாட்டன் பாட்டிமார் கைகளும் உண்டு என்பதையும் சேர்த்துத்தான் அந்தத் தொகையை வாசிக்க வேண்டும். ஸ்டாம்ஃபோர்டு சாலையில் செங்கல் கட்டடம் எழும்பி 1960 நவம்பரில் திறந்தது. பலர் வருந்தியும் கேட்டும், 2004இல் மூடி இடித்தார்கள். ஒரு சுரங்கச் சாலைக்கு அந்த இடம் தேவைப்பட்டது. அடுத்த ஆண்டு விக்டோரியா தெருவில் புதிய கட்டடம் வந்தது.

இந்த வரலாற்றில் கிசுகிசுக்கும் புத்தகம் ஒன்றுகூட இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. யாரோ எழுதிய ஒரு வரி, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதை மாற்றியிருக்கிறது. மாய நூலகம் பற்றி நாவல் எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல மந்திரச் சொல் எங்கே கிடைக்கும்?

தமிழில் ஃபேன்டசி எழுதிப் பார்க்கும் இளைஞர்கள் இப்போது இங்கே உருவாகி வருகிறார்கள். அவர்களில் யாராவது ஒருநாள் மாய நூலகம் ஒன்றைக் கட்டுவார்கள். கட்டட்டும். புத்தகங்கள் பறக்கட்டும், அலமாரிகள் நடக்கட்டும், காவலன் அழகாகவே இருக்கட்டும். முதல் அத்தியாயத்தை எழுதும்போது ஒரு விஷயத்தை மட்டும் முடிவு செய்துகொண்டால் நல்லது. அந்தக் கதவுக்கு வெளியே முந்நூறு ஆண்டுகளாக யார் நிற்கிறார்கள்? உள்ளே போகிறவள் அவர்களுடைய முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறாளா, பார்க்காமல் போகிறாளா? அதைத் தெரிந்துகொண்டு எழுதினால் கதை எப்படியாவது நடந்துவிடும். காதலும் தானாக வந்து சேரும்.